இரண்டாவது முடிச்சில் கட்

தாலி கட்டும் ஷாட்டுக்கு நான் மணமக்களின் முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

ஸ்டில் எடுப்பவள் அங்கே நிற்பது வழக்கமில்லை. மூவி கேமராவின் பக்கத்திலேயே நின்று, அது பார்ப்பதைத்தான் பார்க்க வேண்டும். பிரேமுக்குள் விழுந்துவிடாமல் இருக்க, பிளாஸ்டிக் வாழை மரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

போஸ்டருக்கு வித்தியாசமாக ஒரு ஆங்கிள் வேண்டும் என்று டைரக்டர் இளமாறனிடம் சொல்லியிருந்தேன்.

பொய். எனக்கு வேண்டியது என் தோழி வான்மதியின் பின்கழுத்து. அங்கே விழப்போகும் மூன்றாவது முடிச்சு.

படத்துக்கு இது நடிப்புக் கல்யாணம். ஆனால் ஹீரோவாக மணையில் உட்கார்ந்திருக்கும் கௌசிக்தான் வான்மதி கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் பையன். ஹீரோவின் அக்காவாக நடிக்கும் ருக்மிணி, அவனுடைய சொந்த அக்கா.

இது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த வான்மதியின் அப்பா திருமூர்த்தி அங்கிளுக்குத் தெரியாது. வேறு ஜாதி என்றதுமே, கௌசிக்கின் போட்டோவோடு நீட்டிய போனைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்தவர் அவர். அந்தக் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். செட்டில் கௌசிக்கை நாங்கள் "ஹீரோ" என்றே கூப்பிட்டோம்.

நாங்கள் இருக்கும் டெக்ஸஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். வான்மதிதான் அதற்கு ஒப்பவில்லை.

"கோர்ட் மேரேஜ் எல்லாம் எனக்கு செட் ஆகாதுடி. தாலி ஏறும்போது அப்பா எதிர்ல இருக்கணும்."

அதற்காகத்தான் நாங்கள் சொல்லி, கதையில் இந்தக் காட்சியே வந்தது.

மகள் நடிக்க அங்கிள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "விளையாட்டுக்குக் கட்டுனாலும் ரெண்டு முடிச்சோட நிறுத்திக்கோணும் சாமி. மூணாவது விழுந்துட்டா அது கல்யாணம்."

எதுவும் தெரியாத இளமாறன் இன்னும் ஒரு படி மேலே போனான். "டென்ஷனே வேணாம் அங்கிள். ரெண்டாவது முடிச்சு விழுந்ததும் நீங்களே கட் சொல்லிடுங்க. இந்த ஷாட்டுக்கு நீங்கதான் டைரக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

சத்தம் பதிவாகிவிடும் என்று ஏசியை அணைத்திருந்தார்கள். ஆலன் நகரத்து வெயில் கண்ணாடிக் கதவு வழியே ஹாலுக்குள் இறங்கியிருந்தது.

"என் கல்யாணத்துலகூட நான் இப்படி வேர்க்கலப்பா, சீக்கிரம் கட்டித் தொலைங்க" என்றாள், பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆன்ட்டி.

"ஆக்‌ஷன்."

மேளத்தைப் பிறகுதான் சேர்ப்பார்கள். கெட்டிமேளம் இல்லாத நிசப்தத்தில் கௌசிக் தாலியை எடுத்தான்.

முதல் முடிச்சு.

மஞ்சள் கயிறு அவன் விரல்களில் வழுக்கியது. திரும்பப் பிடித்தான்.

இரண்டாவது முடிச்சு.

அவன் கையை எடுத்துக்கொண்டான். ருக்மிணி ஜடையை ஒதுக்கிவிட்டு, கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தாள்.

இப்போது அந்தச் சொல் வர வேண்டும்.

கட் என்று கேட்டதும் ருக்மிணி கயிற்றை விட்டாக வேண்டும். விடாவிட்டால் அங்கிளுக்கு எல்லாம் விளங்கிவிடும். அடுத்த விமானத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு வான்மதிக்கு அப்பா என்று ஒருவர் போனில்கூடக் கிடைக்க மாட்டார்.

அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ருக்மிணியின் விரல்கள் அவசரப்பட்டன. கயிறு ஒரு சுற்றுச் சுற்றியது. நுனி உள்ளே நுழைந்து வெளியே வந்தது.

கட் வரவில்லை.

அழுத்தினேன். கேமராவின் ஷட்டர் ஓசையை முன்பே அடக்கி வைத்திருந்தேன். என் நெஞ்சின் ஓசைதான் மைக்கில் விழுந்துவிடும் போலிருந்தது. மறுபடியும் அழுத்தினேன்.

எதிர்ப்பக்கத்தில் இளமாறன் குழப்பத்தோடு மானிட்டர் பக்கம் திரும்பினான். நானும் பார்த்தேன்.

அங்கே அங்கிளுக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

என் தோளுக்குப் பின்னால் வேட்டி சரசரத்தது.

திருமூர்த்தி அங்கிள் வாழை மர மறைவில் என்னை ஒட்டினாற்போல் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. என் கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை நிறைய அவர் மகளின் பின்கழுத்து.

அதை மறைக்க எனக்குக் கை எழவில்லை.

ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்குக்கு எட்டாதபடி என் காதருகே குனிந்தார்.

"மூணாவது முடிச்சு லூசா இருக்குது கண்ணு. மாப்பிள்ளையோட அக்காளை இன்னொருக்கா இறுக்கிப் போடச் சொல்லு."