நாலாம் பக்கம்

"அந்த டாக்டர விடவே கூடாது வக்கீலம்மா! பாதிய அறுத்துட்டு, எல்லாம் முடிஞ்ச மாதிரி தையலப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

அருள்பாண்டி மேசையில் அடித்த அடியில் வக்கீல் தாமரைச்செல்வியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"மெதுவாப் பேசுங்க. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது" என்றாள் அவர் மனைவி முனீஸ்வரி, தலையில் கட்டிய துணியை இழுத்து விட்டுக்கொண்டே.

போன வருஷம் அவளுக்கு மார்பில் புற்றுநோய். முதல் டாக்டர் கட்டியை மட்டும் எடுத்தார். எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. வேறொரு ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்து, இப்போதுதான் ஆள் தேறி வருகிறாள். "முதலிலேயே எடுத்திருக்கணும்" என்று அங்கே யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். போதாதா? மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிய மட்டும் எடுத்ததே தப்புன்னு சொல்லிற முடியாதுண்ணே. சில பேருக்கு அதுவே போதும். இவங்களுக்குப் போதாதுன்னு தெரிஞ்சும் விட்டிருந்தா, ஏன் விட்டாருங்கிறதுதான் கேள்வி." தாமரைச்செல்வி முதல் ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "மூணு இருக்கு, அஞ்சு இருக்கு. நாலாம் பக்கம் எங்க?"

"பாத்தீங்களா! ஒளிச்சுப்புட்டாங்க!"

"ஏங்க, ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்கள்ல, எடுத்துட்டு வாங்க" என்றாள் முனீஸ்வரி. "அப்படியே எனக்குக் கொஞ்சம் பருத்திப்பாலு. வாயெல்லாம் கசக்குது."

அவ்வளவுதான், டாக்டரும் கோர்ட்டும் மறந்துபோயிற்று. "சூடா வாங்கியாரேன். நீ எந்திரிக்காத பிள்ள."

செருப்புச் சத்தம் படியிறங்கியதும், முனீஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நாலாம் பக்கம்.

"இங்கிலீசுல இருந்துச்சு. மக அஸ்வினிதான் படிச்சுச் சொன்னா. அன்னைக்கே உருவி வச்சுக்கிட்டேன். கேஸே வேணாங்க்கா. அவரு தாங்க மாட்டாரு."

தாமரைச்செல்வி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா" என்று தாளை மடித்தார்.

பருத்திப்பாலை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே அருள்பாண்டி வந்து சேர்ந்தார்.

"நாலாம் பக்கம் கெடச்சிருச்சுண்ணே, அஞ்சோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கேஸ் நிக்காது. முழு ஆபரேஷன் வேணாம்னு இவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "நீயா பிள்ள?"

"ஆமாங்க. பயந்துட்டேன்."

"கூறுகெட்டவளே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? புருசன் பொண்டாட்டிக்குள்ள இம்புட்டுப் பெரிய விசயத்தையா மறைப்பாக?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இனிமே எதையும் மறைக்காத."

"மறைக்க மாட்டேங்க."

"சரி, குடி. ஆறிறப் போகுது."

அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனார்.

தாமரைச்செல்வி மடித்த தாளை மறுபடி பிரித்தார். இதைக் காட்டினால் கேஸ் நிற்கும். ஆனால் முதல் சாட்சியாக அருள்பாண்டியைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

'புற்றுநோய் என்று தெரிந்தால் மனைவி தாங்க மாட்டாள் என்று கணவர் கெஞ்சிக் கேட்டதால், வெறும் கொழுப்புக்கட்டி என்றே நோயாளியிடம் சொல்லப்பட்டது. மார்பையே எடுத்துவிடலாம் என்றபோது, கொழுப்புக்கட்டிக்குப் போய் மார்பை எடுப்பார்களா என்று சிரித்து நோயாளி மறுத்துவிட்டார்.'