ஒன்பதாவது பட்டை

தச்சன் தன் அக்கா மகளின் அறைச் சுவருக்குப் பலகை பதித்துக்கொண்டிருந்தான். பிளைவுட் ஷீட்டை ஆறங்குலப் பட்டைகளாக அறுத்து, இடையில் ஒரு நாணயத்தின் தடிமனுக்குச் சந்து விட்டு, கீழிருந்து ஆணியடித்து வந்தான். ஒன்பதாவது பட்டையில் சுவிட்சுக்காக வெட்டிய ஓட்டை இருந்தது. சுவரில் சுவிட்ச் இல்லை.

“அக்கா, இங்க இருந்த சுவிட்ச் எங்க?”

“இந்தச் சுவத்துல என்னைக்குடா சுவிட்ச் இருந்துச்சு? கனவு கினவு கண்டியா?”

அளவுச்சீட்டில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: இடமிருந்து மூன்றடி எட்டங்குலம். நேற்று அளந்தபோது அந்தச் சுவிட்சைத் தட்டியும் பார்த்திருந்தான். எதுவும் எரியவில்லை. திருப்பி அணைத்ததாக ஞாபகம் இல்லை.

வேறு பட்டை அறுத்து அடித்தான். மேல்வரை முடித்துவிட்டு, கை கழுவப் போனான். அந்தச் சுவருக்கு அப்பால் மூன்றாம் மாடி உயரத்து வெட்டவெளிதான்.

அக்கா மகள் தலையணையோடு வந்து நின்றாள்.

“மாமா, பலகைக்குப் பின்னாடி லைட்டை அணைக்காம மூடிட்டீங்களே?”

அவன் வந்து பார்த்தான். சந்துகள் எல்லாவற்றிலும் மஞ்சள் வெளிச்சம் கோடுகோடாக நின்றது.

ஒன்பதாவது பட்டைக்குப் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. வெளிச்சம் அணைந்தது.