குளித்து வந்த கிண்ணம்

சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னில், பழம்பொருள் விற்கும் காலைச் சந்தையில், இருநூறு வருடத்துப் பீங்கான் கிண்ணம் வெயிலில் பளபளக்கிறது. சக்கரம், சங்கு, இரட்டை மீன் என்று புத்தரின் எட்டு மங்கலச் சின்னங்களும் நேற்று வரைந்தவை போல் மின்னுகின்றன. கடைக்காரர் ஃபான் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஏண்டி இதைத் தேய்ச்சே?"

"இன்னிக்குப் புத்தரைக் குளிப்பாட்டுற நாள். அவரைக் குளிப்பாட்டிட்டு, அவரோட சக்கரத்தை அழுக்கா விடவா?" மனைவி ருய்லான் ஈரத்துணியைப் பிழிகிறாள்.

வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்குகிறார். "பொட்டு அழுக்கில்லையே அண்ணே, புதுசுதானே?"

ஃபான் முதுகைக் காட்டித் திரும்பி, ஆறிய தேநீரைக் கிண்ணத்தின் அசல் சக்கரத்தின் மேல் பழங்கறை போல் பூசி நீட்டுகிறார். வந்தவர் மோந்து பார்க்கிறார்.

"மல்லிகைத் தேநீர்!"

சிரித்தபடி பக்கத்துக் கடைக்கு நகர்கிறார். அங்கே போன மாதம்தான் சூளையில் சுட்டு, சேறு அப்பிய கிண்ணத்தை இரு கையாலும் பக்தியோடு தூக்குகிறார்.