ரிஃபாத் பற்றவைத்த கம்பி

கல்லூரி மொட்டைமாடியில் மாலை வெயில் இன்னும் சுடுகிறது. ரிஃபாத் ஆன்டெனாவைச் சிறுமலைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். கல்லூரி மாணவிகள் சேர்ந்து செய்து, காலையில் ராக்கெட்டில் போன செயற்கைக்கோள் ஒரு கைக்கு அடங்கும் பெட்டிதான். விண்வெளியின் கதிர்வீச்சை அளந்து சொல்ல வேண்டியது. போன முறை அது பூமியைச் சுற்றி இந்த ஊருக்கு மேல் வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் ஆன்டெனாவை மடக்கி, நூலால் கட்டி அனுப்பியிருந்தார்கள்; நூல் அறுந்து அது விரிந்தால்தான் பெட்டி பேசும். மேலே போனதும் சூடாகி அந்த நூலைச் சுட்டு அறுக்க வேண்டிய கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தவள் ரிஃபாத். தோழி மணிமேகலையின் மடிக்கணினியில், தகரத்தில் மழை விழுவதுபோல வெறும் இரைச்சல். "வருதாடி?" "இல்ல. செத்த நேரம் பொறு." "நூலு அறுபடலையோ? நான்தான் கம்பியைச் சரியா பத்தவைக்கலையோ?" மணிமேகலை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே பழனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டியைத் தொடர்ந்து ரிஃபாத்தின் கை மெல்ல வடக்கே நகர்கிறது. இரைச்சலுக்குள் மெலிதாக ஒரு 'பீப்'. பிறகு இன்னொன்று. "ஏ ரிஃபாத்! பேசுதுடி, நம்ம பெட்டி பேசுது!" மணிமேகலை எழுந்து நின்று கத்துகிறாள். ரிஃபாத் திரும்பவில்லை. கை அசைந்தால் அந்தக் குரல் விட்டுப்போகுமோ என்ற பயத்தில், கன்னத்தில் வழிவதைக்கூடத் துடைக்காமல், வெறும் வானத்தையே பார்த்தபடி நிற்கிறாள்.