மாடத்தில் ஒரு முகம்

போதகர் வெண்டலின் போன மாதம் புனிதையின் சிலையைத் தன் கையாலேயே பெயர்த்தெறிந்த தேவாலயச் சுவர் மாடத்தில் இன்று மெழுகுவத்தி எரிகிறது. அதன் பின்னால், அச்சடித்த தாளில், அவருடைய முகமே அவரை முறைக்கிறது. எதிரே ரொட்டிக்காரி அப்பொலோனியா முழங்காலிட்டிருக்கிறாள். அவருக்கு உச்சந்தலை வரை கொதிக்கிறது. "கல்லைக் கும்பிடாதேன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, இப்ப என்னையா கும்பிடுற?" "கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்க படத்தை நெஞ்சுல வச்சேன், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு." "அது கடவுள் செஞ்சதும்மா!" அவர் கத்தியது வெறும் சுவர்களில் மோதித் திரும்புகிறது. தாளைப் பறித்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து வீசுகிறார். அவள் அழவில்லை. குனிந்து, ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, முத்தமிட்டுக் கைக்குட்டையில் முடிகிறாள். "நல்லதாப் போச்சுங்க ஐயா. எங்க தெருவுல இன்னும் எட்டுப் பிள்ளைங்க படுத்துக் கிடக்குதுங்க. வீட்டுக்கு ஒண்ணு வரும்."