பிடிமண்

கொட்டாம்பட்டிக்கு மேற்கே, கண்மாயும் கரையும் இருந்த இடத்தைச் சுற்றிய கம்பிவேலியின் வாசலில், ஊர்த் தலைமை வகிக்கும் அம்பலம் சின்னழகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு வேளார் சோணைமுத்து. அய்யனாருக்குக் கரையில் நிறுத்தும் மண்குதிரையை வேளார் செய்யத் தொடங்குமுன், அம்பலம் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து அவர் கையில் தரவேண்டும். உள்ளே பேட்டரிக்குப் போகும் கிராஃபைட்டை வெட்டுகிறார்கள். "மண்ணு வெளிய போகணும்னா பாஸ் வேணும் சித்தப்பு," என்கிறான் காவலுக்கு நிற்கும் உள்ளூர்க்காரன் ராசு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளியபடி. "ஒரு பிடிதானப்பா." "ஒரு பிடின்னாலும்தான்." ஹாரன் கேட்டு ராசு கேட்டைத் திறக்க, பாரம் ஏற்றிய லாரி குலுங்கிக்கொண்டு வெளியே போகிறது. சாம்பல்நிறத் தூசி வெயிலில் மினுங்கியபடி வெற்றிலைமேல் இறங்குகிறது. லாரி குலுங்கிய இடத்தில் கொஞ்சம் மண் சிந்திக் கிடக்கிறது. ராசு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அம்பலம் குனிந்து அதை அள்ளி, இரண்டு கையாலும் கொடுக்கிறார். வேளார் வாங்கிக் கண்ணில் ஒற்றி, விரல்களை இறுக மடக்குகிறார். விரித்ததும் மண் பொலபொலவென்று உதிர்கிறது; உள்ளங்கை மட்டும் பென்சில் தேய்த்ததுபோல் கறுத்து மினுங்குகிறது. "இதுல குதிரை நிக்குமா சோணை?" வேளார் வேலியை ஒருமுறை பார்க்கிறார். "நின்னாலும், எந்தக் கரையிலண்ணே கொண்டுபோயி நிறுத்த?"