மணிக்கு வந்த கட்டி

"வெட்டி எடுத்துடுங்க டாக்டரம்மா. இன்னிக்கே எடுத்துடுங்க."

மேசையில் படுத்திருந்த கிழட்டு நாயைவிட ராணியம்மாளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது. மாகறலிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் மொபெட்டின் பின்சீட்டில் நாயை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இருங்கம்மா, முதல்ல பார்க்கிறேன்" என்றாள் கால்நடை டாக்டர் மாதவி. "பேர் என்ன?"

ராணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கிளினிக் உதவியாளர் தாமோதரன் சிரித்தார். அவருக்கும் மாகறல்தான்.

"அந்தம்மா சொல்லாது டாக்டர். வூட்டுக்காரர் பேரு சுப்பிரமணி. இவர் போயி நாய்க்கு மணின்னு வச்சிகீறாரு. புருசன் பேர்ல பாதியாச்சே! அந்தம்மா 'தோ... தோ...'ன்னுதான் கூப்புடும்."

அந்த சுப்பிரமணி, நாயின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் துன்னுது, நல்லாத்தான் தூங்குது. எதுக்கு டாக்டரம்மா கத்தி வைக்கணும்? கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடும். எங்க நைனாவ அப்பிடித்தான் பறிகொடுத்தோம்" என்றார்.

"நீ சும்மா இருய்யா" என்றாள் ராணியம்மாள்.

மாதவி நாயின் விலாப்பக்கம் தடவிப் பார்த்தாள். கட்டி விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, உள்ளே போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வெறும் கொழுப்புக் கட்டி. வயசான நாய்க்கு வர்றதுதான். ஒண்ணும் பண்ணாது, அப்படியே விட்டுடலாம்."

சுப்பிரமணிக்கு வாயெல்லாம் பல். "கேட்டுக்கினியாம்மே? டாக்டரே சொல்லிட்டாங்க. நோண்டாம வுட்டா எதுவும் ஒண்ணும் பண்ணாது" என்றவர், நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்.

ராணியம்மாள் நகரவில்லை. நல்ல செய்தி கேட்டவள் முகமாகவும் அது இல்லை.

"இல்ல டாக்டரம்மா. ஆப்பரேசன் பண்ணிடுங்க."

"தேவையே இல்லம்மா. அதான் சொன்னேனே."

"பெருசா வாணாம். ஒரு கீறு கீறி, மேலுக்கு தையல் போட்டாக்கூட போதும். உங்க காலுல வியறேன்."

மாதவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேண்டாத சந்தேகத்தோடு வருகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் இது அநியாயம்.

"உங்க மனசு திருப்திக்காக வாயில்லா ஜீவனை அறுக்கச் சொல்றீங்களா? இந்த வயசுல மயக்க ஊசி தாங்காம செத்துப் போயிட்டா?"

"ஐயோ, சாவக் கூடாது!" ராணியம்மாள் பதறிவிட்டாள். "ஆப்பரேசன் பண்ணி, பொயச்சி, எயுந்து நடக்கணும். அத்த அவரு கண்ணால பாக்கணும்."

"அவர் பார்க்கணுமா? எதுக்கு?"

ராணியம்மாள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். புங்கமரத்தடியில் நாயை இறக்கிவிட்ட சுப்பிரமணி, புழுக்கம் தாங்காமல் கழுத்துத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். காதுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது.

"காஞ்சிவரத்துல பாத்துட்டு, இப்பவே எடுத்தா பொயச்சிக்கலாம்னு சொன்னாங்க டாக்டரம்மா. இவரு வர மாட்டேன்னு ஒரே புடிவாதம். அயுது பாத்தேன், சண்ட போட்டு பாத்தேன். கடைசில, 'நாய்க்குங்கூட கட்டி கீது. மொதல்ல அதுக்குப் பண்ணு. அது எயுந்து நடந்தா நானும் வரேன்'னாரு."

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டவள், அப்படியே சொன்னாள்:

"எங்க சுப்பிரமணிய காப்பாத்திக் குடுங்க டாக்டரம்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதவி வாசலுக்குப் போனாள். "ஐயா, நாயைத் திருப்பி உள்ளே கொண்டாங்க. யோசிச்சுப் பார்த்தா இன்னைக்கே எடுத்துடறதுதான் நல்லது. நீங்க வெளியவே இருங்க."

பிறகு தாமோதரன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மயக்க ஊசி, கத்தி எதுவும் வேணாம். முடியை மட்டும் வழிச்சுட்டு, பெருசா ஒரு கட்டுப் போடுங்க."